மாப்பிள்ளை கடனுக்கு பொண்ணோட சொத்து போகாம இருக்க: அன்னைக்கு டெக்ஸாஸா, லூசியானாவா, மிசிசிப்பியா?

மாப்பிள்ளைக்கு வெளிய கடன் இருக்கும்னு அப்பாவுக்கு ஒரு சந்தேகம், ஆனாலும் பொண்ணை வெறுங்கையோட அனுப்ப முடியாது, குடுக்கற சீர் மாப்பிள்ளைக்கு கடன் குடுத்தவன் கைக்கு போயிடவும் கூடாது. 1820ல இருந்து 1840கள் வரைக்கும் அமெரிக்காவோட தெற்கு எல்லையில, அதுவும் டெக்ஸாஸ் மாதிரி புதுசா குடியேறின இடத்துல, சொத்து வச்சிருந்த குடும்பத்துக்கெல்லாம் இது பெரிய தலைவலி. இதுல ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன், அந்த சீர் நகையோ பாத்திரமோ இல்ல, பெரும்பாலும் மனுஷங்கதான், அடிமைங்க. ஒரு சமையல்காரம்மா, அவங்களோட ரெண்டு பசங்க, வயல் வேலைக்கு நாலு ஆம்பளைங்கன்னு பத்திரத்துல பேர் போட்டு எழுதி குடுப்பாங்க. அதனால "பெண்களோட சொத்துரிமை"ன்னு கேட்ட உடனே கைதட்டற ரகம் இல்ல இது. இருந்தாலும் அந்த அப்பா முன்னாடி என்னென்ன வழி இருந்துச்சு, எது யாருக்கு உதவுச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா அந்த சமூகம் எப்படி ஓடுச்சுன்னு நல்லா புரியும்.

ஏன் எல்லாருக்கும் கடன்னு கேட்டா, 1819ல அமெரிக்காவுல ஒரு பெரிய பொருளாதார சரிவு, பேங்க் எல்லாம் படுத்துடுச்சு, 1820ல இருந்து கவர்மெண்ட் நிலம் வாங்கணும்னா ஏக்கருக்கு ஒண்ணேகால் டாலர், அதுவும் ரொக்கமா, கடனுக்கு கிடையாது. ரொக்கம் யார்கிட்ட இருக்கு? அதே நேரத்துல பக்கத்துல மெக்சிகோ கைல இருந்த டெக்ஸாஸ்ல, அமெரிக்கக் குடும்பங்களை அங்க கூட்டிட்டு வந்த ஸ்டீஃபன் ஆஸ்டினோட குடியேற்றத்துல, மாடு வளர்க்கறேன்னு சொன்ன ஒரு குடும்பத்துக்கு 4,428 ஏக்கர், கொஞ்சம் ஃபீஸ் கட்டினா போதும். ஸ்டீஃபனோட அப்பா மோசஸ் ஆஸ்டினே செயின்ட் லூயிஸ் பேங்க் விழுந்ததுல எல்லாத்தையும் விட்டவர்தான், டெக்ஸாஸ் ஐடியாவே அந்த நஷ்டத்துல பொறந்தது. அப்புறம் என்ன, கடன்ல மூழ்கினவன் எல்லாம் ராத்திரியோட ராத்திரியா அடிமைங்களை வண்டில ஏத்திக்கிட்டு கிளம்பிட்டான், அவனை தேடி வந்த ஷெரிஃப் ஃபைல்ல "டெக்ஸாஸ் போயிட்டான்" (Gone to Texas)ங்கறதை சுருக்கி ஜி.டி.டி. ன்னு மூணு எழுத்து எழுதி மூடிட்டு போவாராம். 1825 கணக்குப்படி ஆஸ்டின் குடியேற்றத்துல வெள்ளைக்காரங்க 1,347 பேர், அடிமைங்க 443 பேர். அதுல ஜாரெட் குரோஸ்னு ஒரே ஆள் கிட்ட மட்டும் 90 பேர் கிட்ட இருந்தாங்க.

அந்த ஊர் சட்டசபையும் கடனாளி பக்கம்தான். டெக்ஸாஸ் சேர்ந்திருந்த மெக்சிகோவோட கோஆஹுயிலா-டெக்ஸாஸ் மாகாணம் 1829 ஜனவரில ஒரு உத்தரவு போட்டுச்சு, இங்க வர்றதுக்கு முன்னாடி வாங்கின கடனுக்காக குடியேறினவனோட நிலத்துல 12 வருஷத்துக்கு யாரும் கை வைக்க முடியாது. 1831ல அதை ரத்து பண்ணிட்டாங்கன்னாலும் அந்த மனநிலை போகல. பழைய கடனை பாத்து ஓடி வந்தவங்க கட்டின சமூகம், கடன் குடுத்தவன் மேல அவங்களுக்கு பாசம் எப்படி வரும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எதுவும் பண்ணாம விட்டா என்ன ஆகும்ங்கறதுதான் முதல் வழி. டென்னசி, அலபாமா, ஜார்ஜியா மாதிரி இடங்கள்ல அன்னைக்கு ஓடினது இங்கிலாந்துல இருந்து வந்த காமன் லா. அதுப்படி கல்யாணம் ஆன நிமிஷத்துல பொண்டாட்டின்னு சட்டத்துக்கு தனி ஆளே கிடையாது. அவ கைல இருந்த அசையும் சொத்து, காசு, மாடு, அடிமைங்க எல்லாம் நேரா புருஷன் சொத்து, அவன் விக்கலாம், அடகு வைக்கலாம், சூதாட்டத்துல தோக்கலாம். நிலம் மட்டும் அவ பேர்ல இருக்கும், ஆனா அதை நடத்தறதும் வர்ற வருமானமும் அவனுக்கு. அவன் செத்தா அவனோட நிலத்துல மூணுல ஒரு பங்கை ஆயுசுக்கும் அனுபவிக்கலாம், அவ்வளவுதான். அப்பா கல்யாணத்துக்கு குடுத்த ஆளுங்களை மாப்பிள்ளை பேர்ல இருக்கற பழைய கடனுக்கு மறு வாரமே ஜப்தி பண்ணலாம், கேக்க நாதி கிடையாது. இதை ஒரு ஆப்ஷன்னு சொல்றதே அதிகம். ஆனா ஏழைபாழைங்க எல்லாருக்கும், வக்கீலுக்கு காசு இல்லாத நடுத்தர விவசாயிக்கும் நடைமுறைல இருந்தது இது ஒண்ணுதான்.

காசு இருக்கறவன் பண்ணது டிரஸ்ட். இங்கிலாந்துல காமன் லா கோர்ட்டுக்கு பக்கத்துலயே நியாயத்தை பாத்து தீர்ப்பு சொல்ற ஈக்விட்டி கோர்ட்டுன்னு ஒண்ணு உண்டு, சார்ல்ஸ்டன், ரிச்மண்ட் மாதிரி பழைய ஊர்கள்லயும் அந்த பழக்கம் இருந்துச்சு. அப்பா பொண்ணுக்கு நேரா குடுக்கறதுக்கு பதிலா ஒரு டிரஸ்டி பேர்ல எழுதி, இது என் மகளோட தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும், அவ புருஷனோட கடனுக்கு இதுல பாத்தியதை இல்லன்னு தெளிவா போடணும். அந்த வரி விட்டுப்போச்சுன்னா கதை முடிஞ்சுது. நல்லா எழுதின டிரஸ்ட் பத்திரம் பேப்பர்ல பாத்தா எல்லாத்தையும் விட பலமானது, அந்த பொண்ணு உயில் எழுதற உரிமை வரைக்கும் அதுல சேத்துக்கலாம்.

பிரச்சனை என்னன்னா அது நகராத ஊருக்கு செஞ்ச ஏற்பாடு. டிரஸ்டி தென் கரோலினால உக்காந்திருப்பாரு, மாப்பிள்ளை பொண்டாட்டியையும் அந்த ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு அலபாமா போவான், அங்க மண்ணு சலிச்சதும் மிசிசிப்பி, அப்புறம் டெக்ஸாஸ். புது கவுண்டி ஆபீஸ்ல அந்த பத்திரத்தை யாரும் ரிஜிஸ்டர் பண்ணிருக்க மாட்டாங்க. பருத்தி வியாபாரி வந்து பாக்கறான், இந்த ஆள் கிட்ட 12 பேர் வேலை செய்யறாங்க, இவனை நம்பி கடன் குடுக்கலாம்னு குடுத்துடறான். ரெண்டு வருஷம் கழிச்சு ஜப்திக்கு வந்தா "ஐயோ அதெல்லாம் என் மனைவி டிரஸ்ட் சொத்து"ன்னு ஒரு பழைய பேப்பரை நீட்டினா எந்த வியாபாரி சும்மா இருப்பான்? எனக்கு தெரியாமலே மறைச்சு வச்ச பத்திரம்னு வாதாடுவான், பல நேரம் ஜெயிப்பான். போதாக்குறைக்கு நிறைய இடத்துல டிரஸ்டியே அந்த மாப்பிள்ளைதான், பூனையை பாலுக்கு காவல் வச்ச கதை.

இதுக்கும் கீழ ஒரு டிரஸ்ட் உண்டு, பத்திரமே இல்லாத டிரஸ்ட். அப்பா ஒரு அடிமைப் பொண்ணையும் அவ குழந்தையையும் மகளோட அனுப்பிடுவாரு, "கூட்டிட்டு போ, வேலைக்கு வச்சுக்கோ"ன்னு மட்டும் சொல்வாரு. இது தானமா இரவலான்னு யாரும் வாய் திறக்க மாட்டாங்க. கடன் குடுத்தவன் கதவை தட்டினா "நான் இரவல் குடுத்தேன், அது என் சொத்து"ன்னு அப்பா சாட்சி சொல்வாரு, கடன் குடுத்தவன் "கல்யாணத்தன்னைக்கு குடுத்தா அது தானம்தான்"ம்பான். தெற்கு மாநில கோர்ட்டு தீர்ப்புகள்ல இந்த மாதிரி வழக்கு குவிஞ்சு கிடக்கு, கல்யாண விருந்துக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாம் அப்பா என்ன வார்த்தை சொன்னார்னு சாட்சி கூண்டுல நின்னு சொல்லிட்டு இருப்பாங்க. இத்தனை வருஷம் மாப்பிள்ளை கைல இருந்தா அது அவன் சொத்துதான்னு கணக்கு வச்சு சில மாநிலங்கள் சட்டமே போட்டுச்சு. என்னை கேட்டா ரொம்ப பேர் செஞ்சதும் ரொம்ப பேர் தோத்ததும் இந்த வாய்ப்பேச்சு ஏற்பாட்டுலதான்.

இப்ப டெக்ஸாஸ். 1840 வரைக்கும் அங்க பேப்பர்ல ஓடினது ஸ்பானிஷ் சட்டம், அது முழுக்க வேற உலகம். கல்யாணம் ஆனாலும் பொண்டாட்டி தனி ஆள். கல்யாணத்துக்கு முன்னாடி அவ பேர்ல இருந்தது, அப்புறம் அவளுக்கு பரிசாவோ வாரிசாவோ வந்தது எல்லாம் அவளோட தனி சொத்து. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சம்பாதிச்சது பொதுச்சொத்து, பாதிக்கு பாதி. சீதனமா குடுத்ததை புருஷன் நடத்துவான், ஆனா திருப்பி குடுக்கணும், அதுக்கு ஈடா அவனோட சொத்து மேல பொண்டாட்டிக்கு எழுதாமலே ஒரு அடமான உரிமை. 1505ல ஸ்பெயின்ல போட்ட டோரோ சட்டங்கள் இன்னும் ஒரு படி மேல, புருஷன் கடனுக்கு பொண்டாட்டி ஜாமீன் நிக்க முடியாது, நின்னாலும் செல்லாது. பொதுச்சொத்துல எனக்கு பங்கு வேண்டாம்னு அவ ஒதுங்கிட்டா அந்த கல்யாணத்துல வந்த கடன்ல ஒரு பைசா கூட அவ தலைல விழாது. இங்கிலாந்து சட்டத்துல வளர்ந்தவனுக்கு இதெல்லாம் படிச்சா தலை சுத்தும்.

ஸ்டீஃபன் ஆஸ்டினோட தங்கச்சி எமிலியையே எடுத்துக்கலாம். முதல் புருஷன் ஜேம்ஸ் பிரையன் 1822ல செத்தப்ப மிசௌரில அவங்க வீட்டுல ஆளுங்களை தங்க வச்சு சாப்பாடு போட்டும், ஸ்கூல்ல பாடம் எடுத்தும்தான் பசங்களை காப்பாத்தினாங்க. ரெண்டாவதா ஜேம்ஸ் பெர்ரியை கட்டிக்கிட்டு 1831ல டெக்ஸாஸ் வந்தாங்க, 1836 டிசம்பர்ல கல்யாணமாகாத அண்ணன் செத்ததும் அவரோட நிலத்துல பெரும் பங்கு இவங்களுக்கு வந்துச்சு. டென்னசில இருந்திருந்தா அந்த நிலத்தோட வருமானமும் மத்த அசையும் சொத்தும் பெர்ரி கைக்கு போயிருக்கும், டெக்ஸாஸ்ல அது எமிலிக்கு வாரிசா வந்த தனி சொத்து. ஆனா அதை ஓடி ஓடி நடத்தினது பெர்ரிதான், பீச் பாயிண்ட் தோட்டமும் அங்க உழைச்ச அடிமைங்களும் அவர் மேற்பார்வைலதான்.

ஸ்பானிஷ் சட்டத்துல நான் பாக்கற ஓட்டை ரெண்டு. ஒண்ணு, அதை நடத்த ஆள் இல்ல. ஆஸ்டின் ஊர்ல நீதிபதி வேலை பாத்த அல்கால்டேக்கள் பக்கத்து வீட்டு விவசாயிங்கதான், பாதி பேருக்கு ஸ்பானிஷே தெரியாது, ஆஸ்டின் 1824ல அவசரத்துக்கு தானே எழுதின விதிமுறையை வச்சு ஓட்டினாங்க, அப்பீல்னா மெக்சிகோவுக்குள்ள தூரத்துல இருக்கற சால்டில்லோ வரைக்கும் போகணும், குதிரைல எத்தனை வாரம் ஆகும்னு நினைச்சுப் பாருங்க. ரெண்டாவது, சொத்துன்னு இவங்க நினைச்சதை மெக்சிகோ சொத்தா ஒத்துக்கவே தயாரா இல்ல. 1824ல அடிமை வியாபாரத்துக்கு தடை, 1827ல மாகாண அரசியல் சட்டம் இனி இங்க பொறக்கற எந்த குழந்தையும் அடிமை இல்ல, ஆறு மாசத்துக்கு அப்புறம் புதுசா கொண்டு வரவும் கூடாதுன்னுச்சு, 1829ல ஜனாதிபதி குவெரேரோ அடிமைமுறையே ஒழிஞ்சதுன்னு உத்தரவு போட்டு அப்புறம் டெக்ஸாஸுக்கு மட்டும் விலக்கு குடுத்தாரு. குடியேறினவங்க கண்டுபிடிச்ச வழி இருக்கே, எல்லை தாண்டறதுக்கு முன்னாடியே அடிமைங்களை நோட்டரி முன்னாடி நிக்க வச்சு, "என் விலையும் என்னை கொண்டு வந்த செலவும் நான் முதலாளிக்கு பட்ட கடன், அதை உழைச்சு அடைக்கறேன்"னு 99 வருஷ ஒப்பந்தத்துல கைநாட்டு வாங்கினாங்க. கடன்ல இருந்து தப்பிச்சு ஓடி வந்தவன், தான் வச்சிருந்த ஆளையே கடனாளின்னு எழுதி கூட்டிட்டு வர்றான்.

ஆக 1836க்கு முன்னாடி டெக்ஸாஸ்ல பொண்டாட்டியோட உரிமை பலம், ஆனா எது மேல உரிமையோ அது ஆட்டம். 1836ல மெக்சிகோவை விட்டு பிரிஞ்சு டெக்ஸாஸ் தனி நாடானதும் அரசியல் சட்டத்துலயே அடிமைமுறையை சிமெண்ட் போட்டு கெட்டிப் படுத்திட்டாங்க, முதலாளியே நினைச்சாலும் நாடாளுமன்றம் ஒத்துக்காம விடுதலை குடுத்து ஊருக்குள்ள வச்சிருக்க முடியாது.

லூசியானாவுக்கு போனா அதே குடும்பத்து சட்டம்தான், ஸ்பானிஷும் ஃபிரெஞ்சும் கலந்து 1808லயும் 1825லயும் ஒழுங்கா புத்தகமா போட்டது. அதை படிக்கத் தெரிஞ்ச வக்கீலும் நோட்டரியும் நியூ ஆர்லியன்ஸ் தெருவுக்கு தெரு இருந்தாங்க, அது டெக்ஸாஸ் கிட்ட இல்லாத ஒண்ணு. சீதனத்தை தவிர பொண்டாட்டிக்கு இருக்கற மத்த தனி சொத்தை அவளே நிர்வாகம் பண்ணிக்கலாம், புருஷன் கைல குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. புருஷன் வியாபாரம் ஆட்டம் காணுதுன்னு தெரிஞ்சா, அவன் உயிரோட இருக்கும்போதே, விவாகரத்து எதுவும் இல்லாமலே, கோர்ட்டுக்கு போய் எங்க சொத்தை பிரிச்சு விடுங்கன்னு கேஸ் போடலாம். புருஷன் கடனுக்கு அவ தனியாவும் சரி அவனோட சேர்ந்தும் சரி கட்டுப்பட முடியாதுன்னு 1825 சட்டம் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லுது. பருத்தி ஏஜெண்டுங்களுக்கு இது பிடிக்குமா, தோட்டத்தை அடமானம் வாங்கி பணம் குடுத்திருப்பான், திவாலானதும் பொண்டாட்டி வந்து "என் அடமானம் கல்யாணத்தன்னைக்கே உண்டானது, நான் முதல்ல"ன்னு நிப்பா. அதனால பெரிய கடன்னா அவளையும் நோட்டரி ஆபீசுக்கு வரச் சொல்லி, புருஷனை வெளிய நிக்க வச்சு, உன் உரிமையை விட்டுக் குடுக்கறியான்னு படிச்சு காட்டி கையெழுத்து வாங்கினாங்க. அவ நிஜமாவே மனசொப்பி போட்டாளா, முந்தின நாள் ராத்திரி வீட்டுல என்ன பேச்சு நடந்துச்சுன்னு நோட்டரிக்கு எங்க தெரியும். இருந்தாலும் கேக்கவாவது கேட்டாங்க.

மிசிசிப்பி கதை கொஞ்சம் விசேஷம். 1837ல அங்க உச்ச கோர்ட்ல ஒரு வழக்கு, ஃபிஷர் எதிர் ஆலன். பெட்ஸி ஆலன் சிக்கசாங்கற அமெரிக்க பூர்வகுடி இனத்து பொண்ணு, சிக்கசா முறைப்படி ஜேம்ஸ் ஆலனை கட்டிக்கிட்டவங்க. சிக்கசா வழக்கத்துல பொண்டாட்டி சொத்து பொண்டாட்டிக்குத்தான், புருஷனுக்கு அதுல ஒண்ணும் இல்ல. அவங்க டோனின்னு ஒரு அடிமையை தன்னோட மக சூசனுக்கு 1829ல எழுதி வச்சாங்க. ஜேம்ஸ் மேல கடன் தீர்ப்பு வாங்கின ஃபிஷர், டோனியை ஷெரிஃபை விட்டு ஜப்தி பண்ணாரு. மிசிசிப்பி தன்னோட சட்டத்தை சிக்கசா மேல நீட்டினது 1830லதான், கல்யாணம் அதுக்கு முன்னாடி சிக்கசா வழக்கப்படி நடந்தது, அதனால சொத்தும் அந்த வழக்கப்படிதான்னு கோர்ட் சொல்லி ஃபிஷரை திருப்பி அனுப்பிடுச்சு. வெள்ளைக்கார பொண்ணுக்கு இல்லாத பாதுகாப்பு ஒரு சிக்கசா பொண்ணுக்கு கிடைச்சுது, ரெண்டே வருஷத்துல, 1839 பிப்ரவரில, மிசிசிப்பி சட்டசபை எல்லா கல்யாணமான பொண்ணுங்களுக்கும் தனி சொத்து சட்டம் போட்டுச்சு. அதுக்குப் பின்னாடி பைட்டி ஹாட்லின்னு ஒரு அம்மா இருந்ததா சொல்வாங்க, ஜாக்சன்ல சட்டசபைக்காரங்க தங்கற விடுதி நடத்தினவங்க, புருஷன் செனட்டர், அவரே கடன்ல தள்ளாடினவர். சோறு போடற இடத்துல சட்டம் பேசினா கேக்காம இருக்க முடியுமா.

அந்த சட்டத்தை படிச்சா புத்தி தெளியும். மொத்தம் அஞ்சு பிரிவு, அதுல நாலு அடிமைங்களை பத்தினது. 1837ல வந்த இன்னொரு பொருளாதார சரிவுல பருத்தி விலை விழுந்து தோட்டம் தோட்டமா ஏலத்துக்கு போயிட்டு இருந்த நேரம், எந்த சொத்தை காப்பாத்தணும்னு அவங்க மனசுல இருந்துச்சோ அதையே எழுதி வச்சிருக்காங்க. பொண்டாட்டிக்கு வந்த அடிமைங்களை புருஷன் கடனுக்கு எடுக்க முடியாது, ஆனா அவங்களை நடத்தறது, வேலை வாங்கறது, அந்த உழைப்புல வர்றதை வாங்கிக்கறது எல்லாம் புருஷன். புருஷன் கிட்ட இருந்தே கல்யாணத்துக்கு அப்புறம் எழுதி வாங்கிக்கிட்டா செல்லாது, ஏன்னா எல்லாரும் அப்படித்தான் கடன்காரனை ஏமாத்துவாங்கன்னு தெரியும்.

டெக்ஸாஸ் நாடாளுமன்றத்துக்கு 1840 ஜனவரில இந்த எல்லாமே மேஜை மேல இருந்துச்சு. உறுப்பினர்ல இருந்த வக்கீலுங்க பெரும்பாலும் காமன் லா படிச்சவங்க, ஊருக்கு பழக்கமான சட்டத்தையே கொண்டு வரணும்னு ஆசை, கொண்டும் வந்தாங்க, ஆனா புருஷன் பொண்டாட்டி சொத்து விஷயத்துல மட்டும் ஸ்பானிஷ் முறையை விடல. அந்த சட்டம் சொல்றது, பொண்டாட்டி கல்யாணத்தப்போ வச்சிருந்த நிலமும் அடிமைங்களும், அப்புறம் பரிசா, உயில்ல, வாரிசா வந்த நிலமும் அடிமைங்களும், அந்த அடிமைங்களுக்கு பொறக்கற குழந்தைங்களும், அவளோட நகை துணிமணியும் அவளுது. நிலத்தையும் ஆளுங்களையும் கல்யாணம் இருக்கற வரைக்கும் நிர்வாகம் பண்றது புருஷன் மட்டுமே. மத்ததெல்லாம், அப்பா குடுத்த ரொக்கம் உட்பட, பொதுச்சொத்து, அதை புருஷன் ஒருத்தனே வித்துக்கலாம்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்பா மகளுக்கு 2,000 டாலர் காசா குடுத்தா அது பொதுவுல கரைஞ்சு புருஷன் கடனுக்கு போயிடும். அதே 2,000 டாலருக்கு மனுஷங்களை வாங்கி குடுத்தா அது அப்படியே மக பேர்ல நிக்கும், அவங்க பெத்த பிள்ளைங்களும் சேர்ந்து. யாரும் உக்காந்து சதி பண்ணி எழுதினாங்களான்னு தெரியாட்டியும், சட்டம் அப்பாக்களை எந்தப் பக்கம் தள்ளுச்சுன்னு பாத்தா வயித்தை கலக்குது. 1845ல அமெரிக்காவோட சேர்ந்தப்ப எழுதின அரசியல் சட்டம்தான் இதை எல்லாவகை சொத்துக்கும் விரிச்சுது, பொண்டாட்டியோட தனி சொத்தை ரிஜிஸ்டர் பண்ண வழியும் செய்யச் சொல்லுச்சு.

இதுக்கு பக்கத்துலயே இன்னொரு கவசமும் இருந்துச்சு, 1839 ஜனவரி சட்டம், 50 ஏக்கர் இல்லன்னா டவுன்ல ஒரு மனை, 500 டாலர் வரைக்கும் வீடு கட்டடம், வேலை சாமான், அஞ்சு கறவை மாடு, ஒரு ஜோடி காளை, ஒரு குதிரை, 20 பன்னி, ஒரு வருஷ சாப்பாடு, இதெல்லாம் எந்த கடனுக்கும் எடுக்க முடியாது. அடிமையே இல்லாத சாதாரண குடும்பத்துக்கு உண்மைல உதவினது இதுதான்னு நான் சொல்வேன். 1845ல இருந்து அந்த வீட்டை விக்கணும்னா பொண்டாட்டி சம்மதமும் வேணும்.

டெக்ஸாஸ் ஏற்பாட்டோட பெரிய பொத்தல் பருத்தி. பொண்டாட்டியோட நிலம், பொண்டாட்டியோட ஆளுங்க, விதைச்சு பறிச்சு பொதி கட்டி நிறுத்தின பருத்தி யாருது? பொதுச்சொத்து, புருஷன் கடனுக்கு எடுக்கலாம்னு 1859ல டி பிளேன் எதிர் லின்ச் வழக்குல டெக்ஸாஸ் உச்ச கோர்ட் சொல்லிடுச்சு. அதாவது மரம் அவளுக்கு, காய் கடன் குடுத்தவனுக்கு. வருஷா வருஷம் அறுவடை முடிஞ்சதும் ஷெரிஃப் வரலாம், எதுத்து ஒண்ணும் பேச முடியாது. அப்புறம் நிரூபிக்கற பாரம் வேற, சாவாலயோ பிரிவாலயோ கல்யாண பந்தம் முறியும்போது கைல இருக்கறது எல்லாம் பொதுச்சொத்துன்னுதான் சட்டம் முதல்ல எடுத்துக்கும், இது எங்கப்பா குடுத்ததுன்னா அவதான் காட்டணும். பழைய பத்திரம் கரோலினா வீட்டு பெட்டில கிடந்தா அதோட கதை அவ்வளவுதான்.

இந்த கணக்குல எழுத்தா மட்டும் இருந்த அடிமைங்களோட நிலைமையை யோசிச்சா எல்லா ஆப்ஷனும் வேற மாதிரி தெரியும். ஒரு முதலாளி வீட்டுல புருஷன் பேர்ல இருக்கற ஒரு அடிமை ஆளும், பொண்டாட்டி பேர்ல இருக்கற ஒரு அடிமைப் பொண்ணும் குடும்பம் நடத்தறாங்கன்னு வச்சுக்கங்க, பசங்க அம்மா வழில பொண்டாட்டி சொத்து. கடன் முத்தினதும் கோர்ட் வாசல்ல ஏலத்துக்கு நிக்கறது அப்பா மட்டும், அம்மாவும் பசங்களும் சட்டப்படி பத்திரம். எல்லாம் புருஷன் பேர்லயே இருந்தா எல்லாரும் ஏலத்துல, ஆளுக்கொரு திசை. ஷெரிஃப் கிட்ட இருந்து தப்பிச்சதை பாதுகாப்புன்னு எப்படி சொல்றது, பொண்டாட்டியோட அப்பா உயில்ல பேரன் பேத்திங்களுக்கு பங்கு பிரிக்கும்போது அதே பசங்க மறுபடி பிரியறாங்களே. அவங்களுக்குன்னு இருந்த ஒரே நிஜமான வழி தெற்கால ரியோ கிராண்டே ஆத்தை தாண்டி மெக்சிகோ போறது, 1837ல மெக்சிகோ அடிமைமுறையை முழுசா ஒழிச்சிருந்துச்சு, தாண்டினவங்களும் உண்டு.

சரி, அந்த காலத்து அப்பாவா யோசிச்சா எது? அவருக்கு சந்தேகமே இல்லாம 1840க்கு அப்புறம் டெக்ஸாஸ்தான். மருமகன் நடத்துவான், திங்கட்டும், ஆனா மூலச்சொத்து கைமாறாது, பேரனுக்கு போய் சேரும், வக்கீல் செலவும் கம்மி. அந்த சட்டத்தை எழுதினவங்களும் அவரை மாதிரி அப்பாக்கள்தான்.

பொண்ணா யோசிச்சா நான் லூசியானான்னுதான் சொல்வேன், டெக்ஸாஸ்ல அவ சொத்துக்கு சொந்தக்காரி ஆனா ஒரு மாட்டை விக்க அவளால முடியாது, லூசியானால அவளே நடத்தலாம், புருஷன் சரியறது தெரிஞ்சா மூழ்கறதுக்கு முன்னாடியே கோர்ட்டுக்கு போய் பிரிச்சுக்கலாம். மிசிசிப்பி 1839 சட்டம் காமன் லாவுக்கு எவ்வளவோ தேவலாம், ஆனா அடிமை வச்சிருந்த குடும்பத்தை தாண்டி யாருக்கும் பெருசா உதவல. டிரஸ்ட் போட வசதி இருந்தா அதை மேல ஒரு அடுக்கா வச்சுக்கலாம், ஆனா டிரஸ்டி பக்கத்து ஊர்ல இருக்கணும், மாப்பிள்ளையா இருக்கக் கூடாது, ஊர் மாறினா மாறின மாசமே புது கவுண்டி ஆபீஸ்ல பத்திரத்தை ஏத்தணும்.

மாப்பிள்ளையோட கடன் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது மட்டும்தான்னா அர்கன்சாவும் கணக்குல வரும், 1835லயே, அப்ப அது இன்னும் மாநிலம் கூட ஆகல, கல்யாணத்துக்கு முந்தைய கடனுக்கு பொண்டாட்டி சொத்துல கை வைக்க முடியாதுன்னு அங்க சட்டம் போட்டுட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அவன் வாங்கப்போற கடனுக்கு அது உதவாது, எல்லையில பருத்தி போடறவன் எவனும் முதல் வருஷமே விதைக்கும் சாமானுக்கும் கடன் வாங்காம இருந்ததில்ல.